மூன்றாவது கம்பியை எங்கே வைப்பது

கிடார் என்றால் நின்றுகொண்டு, இடுப்பை ஆட்டிக்கொண்டு வாசிப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என்னுடையது அந்த ரகம் இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிடாரை மடியில் மல்லாத்திப் படுக்க வைத்து, இடது கையில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். ஹவாயன் கிடார் என்று அதற்குப் பெயர். நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊரில் அதற்கு இஸ்திரிப் பெட்டி என்று பெயர். "தம்பி, நம்ம வேட்டி ஒண்ணு கசங்கிக் கெடக்கு, அப்புடியே தேச்சுக் குடுத்துடு" என்று சொல்லாத ஆளே இல்லை. முதல் தடவை நானும் சிரித்தேன். நாற்பதாவது தடவை சொன்ன ஆளிடம், அவிழ்த்துக் கொடுங்க, இங்கேயே நில்லுங்க, தேய்த்துத் தருகிறேன் என்றேன். அதன்பிறகு அவர் மட்டும் சொல்வதில்லை.

அதை நான் தரங்கம்பாடியில், வீட்டைக் காலிசெய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து இரண்டு மூட்டை நெல்லைக் கொடுத்து வாங்கினேன். கூடவே ஒரு சிறு புத்தகம் கிடைத்தது. அதில் பாதியை எலி தின்றிருந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நானே கற்றுக்கொண்டேன். எலி தின்ற பாதியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த வாத்தியத்தின் கோளாறு என்னவென்றால், விரலால் கம்பியை அழுத்துவது கிடையாது. இரும்பை எங்கே வைத்தாலும் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஒரே மாதிரிதான் பேசும். அந்தப் பேச்சு சந்தோஷமா துக்கமா என்பது கம்பிகளை முறுக்கி வைத்திருப்பதைப் பொறுத்தது. அதிலும் ஐந்து கம்பிகளுக்கு இதில் வேலை இல்லை. எல்லாம் மூன்றாவது கம்பியின் கையில்தான். அதை அரை சுரம் ஏற்றி வைத்தால் மொத்த வாத்தியமும் பல்லைக் காட்டிச் சிரிக்கும். அரை சுரம் இறக்கி வைத்தால் மூக்கைச் சிந்தும். ஒரு திருகு, அரைச் சுற்றுக்கும் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் திருப்பியதும் கம்பி சொன்னபடி கேட்காது. இறக்கினால் கொஞ்ச நேரத்தில் தானாக மேலே ஏறும், ஏற்றினால் தானாகக் கீழே இறங்கும். இரண்டு மூன்று தடவை இழுத்து, தட்டி, திட்டித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு நாலு நிமிஷம் ஆகும். ஒவ்வொரு கம்பியாக வாசித்துச் சமாளிக்கலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். சமாளிக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஆறு கம்பியையும் மொத்தமாக வருடினால்தான் கைதட்டுவார்கள்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் மூன்றே பேர். அக்காள் வீட்டுக்காரர் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடுவார். டிராக்டர் ஓட்டும் சிநேகிதன் ஒருவன் டோலக். நான் கிடார். முதலில் சந்தோஷப் பாட்டுகளை எல்லாம் பாடி முடித்துவிட்டு, பிறகு ஒரே ஒரு தடவை கம்பியை இறக்கி, மீதி நேரம் சோகப் பாட்டுகளைப் பாடுவது எங்கள் வழக்கம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர்களுக்குச் சோகம் நன்றாகச் செரிக்கும் என்பது அத்தானின் கட்சி. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

மாலையில்தான் கிடார். காலையில் ஏர். நாங்கள் பயிர்வைத்த பதினைந்து மா நிலமும், ஏறக்குறைய ஐந்து ஏக்கர், பக்கத்து ஊர் மிராசுதாருடையது. அப்பா முப்பது வருஷமாக வாய்வார்த்தைக் குத்தகையில் அதில் பாடுபட்டு வந்தார். முந்தைய வருஷம் மதகில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பு பிசகிவிட்டது. அதிலிருந்து உழவு, வரப்பு வெட்டு, நாற்றுக்கட்டு தூக்குவது எல்லாம் என் தலையில். அந்தச் சமயத்தில்தான் குத்தகைதாரர்கள் தாலுகா ஆபீசில் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பதிந்தவனை நிலத்தை விட்டு இறக்க முடியாது. பதியாதவனை அடுத்த குறுவைக்குள் இறக்கிவிடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் பலரை இறக்கியும் விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கூலி உயர்வு கேட்டுச் சிவப்புக் கொடி, இன்னொரு பக்கம் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுவடை, நடுவில் போலீஸ் ஜீப். அப்பாவுக்கு ராத்தூக்கம் போய்விட்டது. நிலம் போனால் எங்கள் வீட்டில் உலை வைக்க வேறு வழி கிடையாது.

மனுவைக் கொடுத்துவிட்டு, ஆட்சேபணை செய்யாமல் இருக்கும்படி மிராசுதாரைக் கேட்கப் போனேன். மனிதர் வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானே அந்த இஸ்திரிப் பெட்டி வாசிக்கிறவன்?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"தையில பொண்ணு கல்யாணம் வச்சிருக்கேன். சாயந்திரம் வரவேற்புல வந்து வாசி. விசேஷம் ஒரு கரச்சலும் இல்லாம முடியட்டும். உங்கப்பன் மனுவுக்கு நான் குறுக்க நிக்கல."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார். அது அவர் சந்தோஷப்படும் விதம்.

கரைச்சல் எந்த ரூபத்தில் வரும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஆளுங்கட்சி இரண்டாகப் பிளந்து அதிக நாள் ஆகாத காலம் அது. பெண் வீடு பழைய கட்சி. மாப்பிள்ளை வீடு புதுக் கட்சி. சம்பந்தம் பேசியபோது இரண்டு வீடும் ஒரே கட்சியில்தான் இருந்திருக்கிறார்கள். பாக்கு வெற்றிலை மாற்றியதற்கும் பந்தல்கால் நட்டதற்கும் நடுவில் மாப்பிள்ளை வீட்டார் கொடியை மாற்றிவிட்டார்கள். பந்தலில் இரண்டு பக்கமும் இரண்டு விதமான கரை வேட்டிகள், நடுவில் தேங்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டு யார் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நின்ற பொதுவான உறவினர்கள்.

பாட்டு கேட்டுத் துண்டுச் சீட்டு அனுப்புவது வரவேற்புகளில் வழக்கம். மாப்பிள்ளை வீட்டுச் சீட்டுகளில் இருந்தவை எல்லாம் புரட்சி, வெற்றி, கையை உயர்த்திக்கொண்டு நடக்கும் பாட்டுகள். பெண் வீட்டார் அதற்குப் போட்டியாகக் கேட்டவை எல்லாம் தங்கை போய்விட்டாள், தாய் போய்விட்டாள், உலகமே போய்விட்டது என்று அழும் பாட்டுகள். கல்யாண வீட்டில் இதைக் கேட்கலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தான் வழக்கப்படி சந்தோஷப் பாட்டுகளை முதலில் வரிசையாக எடுத்து வைத்தார். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பெண்ணின் மாமா ஒருவர் மேடை ஏறிவிட்டார்.

"என்ன, அவங்க பாட்டாவே ஓடுது? நாங்க என்ன காப்பி குடிக்க வந்தோமா?"

அத்தான் எழுந்து கும்பிட்டார். "அடுத்தது பூரா உங்க பாட்டுதாங்க" என்றார்.

"அதெல்லாம் முடியாது" என்றார் இந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா. "அப்புறம் பூரா அவங்க பாட்டுன்னா, கல்யாணம் அவங்க பாட்டோட முடிஞ்ச மாதிரி ஆயிடும்."

அங்கேயே பேச்சுவார்த்தை நடந்தது. அதற்கு முந்தின வாரம் கூலித் தகராறில்கூட இத்தனை பேர் உட்கார்ந்து இவ்வளவு பொறுமையாகப் பேசவில்லை. ஒரு பாட்டு அவர்களுக்கு, ஒரு பாட்டு இவர்களுக்கு என்று முடிவானது. என்னை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் மூன்றாவது கம்பியை ஏற்றி இறக்க வேண்டியவன் நான். "அத்தான், இருபது சீட்டு இருக்கு, கம்பி தாங்காது" என்று காதைக் கடித்தேன். "மாப்ள, தாங்கணும். உங்கப்பா நெலம் ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

ஏற்றினேன், வாசித்தேன், இறக்கினேன், வாசித்தேன். ஐந்தாவது பாட்டில் புதுத் தலைவலி முளைத்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா கைக்கடிகாரத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அவங்க பாட்டுக்கு நாலு நிமிஷம் சுதி சேக்குறீங்க. நம்ம பாட்டுக்கு மூணே நிமிஷந்தான் சேக்குறீங்க. நானும் பாத்துக்கிட்டே வர்றேன்."

இறக்கிய கம்பி படிய நேரம் ஆகும், ஏற்றியது சீக்கிரம் படிந்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்வது என்று அவரிடம் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டு, "அதெல்லாம் சரி, நமக்கும் நாலு நிமிஷம் சேருங்க" என்றார். நிலம் கண் முன்னால் நின்றதால் வாயை மூடிக்கொண்டேன். இல்லாவிட்டால் அந்தக் கடிகாரத்தை என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அதன்பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பாட்டுக்கு மூன்று நிமிஷம் சுதி சேர்த்துவிட்டு, நாலாவது நிமிஷம் முழுதும் காதைத் திருகுப் பக்கம் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, சும்மா உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா திருப்தியாகத் தலையாட்டினார். அந்த நிமிஷத்துக்குத்தான் அன்று அதிகமாகக் கைதட்டினார்கள்.

பதினோராவது பாட்டுக்கு ஏற்றும்போது டிங் என்று மூன்றாவது கம்பி அறுந்து, சுருண்டு, அத்தானின் காதோரம் போய் நின்றது. மாற்றுக் கம்பி கையில் இல்லை. பந்தலில் சலசலப்பு. யார் பாட்டுக்கு அறுந்தது என்று ஒரு பக்கம் விசாரணை ஆரம்பித்தாயிற்று. மிராசுதார் மணமக்களுக்குப் பக்கத்தில் நின்றபடி என்னையே பார்த்தார். போச்சு, பதினைந்து மாவும் போச்சு என்று நினைத்துக்கொண்டே மிச்சம் இருந்த ஐந்து கம்பிகளையும் வருடினேன்.

அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது கம்பி இல்லாவிட்டால் வாத்தியம் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வாயை இறுக மூடிக்கொண்டு கம்பீரமாக இருந்தது. எந்தப் பாட்டை வாசித்தாலும் பொருந்தியது. சுதி மாற்ற வேண்டிய வேலையே இல்லை. மீதி பத்துப் பாட்டையும் மூச்சு விடாமல் வாசித்துத் தள்ளினேன். புதுக் கட்சிக்காரர்கள் வீரம் கேட்டது என்றார்கள். பழைய கட்சிக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசியில் பெண்ணின் மாமாவும் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டார்கள்.

மிராசுதாருக்குத் தலைகால் புரியவில்லை. மேடை ஏறி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்தக் காலத்தில் பொன்னாடை போர்த்தினால் பட்டமும் கொடுத்தாக வேண்டும். ஒரு விநாடி யோசித்துவிட்டு, "இன்று முதல் இவர் கம்பிக் காவலர் என்று அழைக்கப்படுவார்" என்று மைக்கில் சொன்னார். வேலிக்கு வைத்த ஆள் மாதிரி இருந்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்தார்கள். வாழ்நாளில் அவ்வளவு அகலமாக நான் சிரித்ததில்லை.

பதினைந்து நாள் கழித்துத் தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. மிராசுதார் ஆட்சேபணை செய்திருந்தார். சட்டப்படி குத்தகைதாரனோ அவன் குடும்பத்தாரோ சொந்த உடலுழைப்பில் பயிரிட வேண்டும். மனுதாரர் இடுப்பு முறிந்தவர், அவருடைய மகனோ பட்டம் பெற்ற சங்கீத வித்வான், முழுநேரமும் வாத்தியம் வாசிப்பவர், ஆகவே இவர்கள் உழுகிறார்கள் என்பது பொய் என்று எழுதியிருந்தார். சாட்சியாக அந்தப் போட்டோவை இணைத்திருந்தார். அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டே கத்தினேன். முந்தின நாள்தான் அவருடைய நிலத்தில் முழங்கால் சேற்றில் நின்று வரப்பு அணைத்துவிட்டு வந்திருந்தேன். நோட்டீசின் கடைசி வரி இன்னும் நினைவிருக்கிறது. மனுதாரரின் மகன் மேற்படி வாத்தியத்துடன் நேரில் ஆஜராக வேண்டியது.

தஞ்சாவூர் போய்ப் புதுக் கம்பி வாங்கி மாட்டினேன். நானும் அப்பாவும் மேற்படி வாத்தியமும் பஸ் ஏறிப் போனோம்.

விசாரித்த அதிகாரி நிதானமானவர். முதலில் என் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த காய்ப்பைக் காட்டினேன்.

"அது கிடார் கம்பி இழுத்துக் காய்ச்சதுங்க" என்றார் மிராசுதார்.

"கம்பி உள்ளங்கையில எங்கங்க படுது?" என்று நான் பாய்ந்தேன். அப்பா என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

அதிகாரி போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, உக்காருங்க. வாசிங்க பாப்போம். இது தொழிலா, பொழுதுபோக்கான்னு கேட்டா தெரிஞ்சுபோயிடும்" என்றார்.

தரையில் உட்கார்ந்து மடியில் வைத்தேன். டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்தினார். குமாஸ்தாக்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். வாசலில் பட்டாவுக்குக் காத்திருந்தவர்கள் ஜன்னலில் வந்து நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு அமைதியில் வாசிக்க எனக்கு ஒரு தடவைகூட வாய்த்ததில்லை. பந்தலில் எப்போதும் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வாசிக்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது. கம்பி ஆறும் பஸ்ஸில் வந்தும் அசையாமல் அருமையாகச் சேர்ந்திருந்தன. ஒரே ஒரு இழுப்பு, இந்த ஆபீஸ் முழுவதையும் சொக்கவைத்துவிடலாம்.

பெஞ்சின் ஓரத்தில் அப்பா ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நேராக உட்கார இடுப்பு விடாது.

சுதி பார்ப்பவன் போல மூன்றாவது கம்பியின் திருகைத் தொட்டேன். சிரிப்பிலிருந்து இறக்கினேன். அழுகை வருவதற்கு முன்னால், பாதி வழியில், நிறுத்தினேன். அங்கே கம்பியை வைக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. எலி தின்ற பாதியில்கூட இருந்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டாகப் பார்த்து, முழுப்பாட்டையும் வாசித்தேன்.

பல்வலி வந்தவன் பாடுவது மாதிரி இருந்தது. என் முதுகுத்தண்டே கூசியது. டைப் அடிக்கும் அம்மாள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். ஜன்னலில் இருந்தவர்கள் பட்டா கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று விலகிப் போனார்கள். "போதும் போதும்" என்று அதிகாரி இரண்டு கையையும் தூக்கினார்.

மிராசுதார் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, வேணும்னே கெடுத்து வாசிக்கிறான். இவன் பிரமாதமா வாசிப்பான். அன்னிக்குப் பந்தலே சொக்கிப்போச்சு. இந்தச் சுத்துப்பட்டுலயே இவன மாதிரி ஆள் கெடையாதுங்க."

அந்த அறையில் என் வித்தைக்காக வாதாடிய ஒரே மனிதர் அவர்தான்.

"இவ்வளவு ஒழுங்கா சுதி பிசகி வாசிக்கணும்னா அதுக்கே பெரிய ஞானம் வேணுங்க" என்றார் அதிகாரி. "சொந்தப் பொண்ணு கல்யாணத்துக்கா இவர வச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்களுக்கு இத வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன்.

"சத்தமா சொல்லுங்க, எழுதணும்."

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க."

டைப் அடித்துக் கொடுத்தார்கள். மனுதாரரின் மகனுக்கு மேற்படி வாத்தியம் வாசிக்கத் தெரியாது என்பது நேரில் கேட்டு அறியப்பட்டது என்று இருந்தது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அதற்கு அடுத்த தாளில் அப்பாவின் பெயரும் பதினைந்து மாவின் சர்வே எண்களும் ஏறின. அப்பா கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் ஒட்டிய மையைத் துடைக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நிலம் நின்றது என்ற சந்தோஷம் ஒரு பக்கம். அத்தனை பேருக்கு முன்னால் அப்படி வாசித்த அவமானம் ஒரு பக்கம். வேணும் என்றுதான் வாசித்தேன் என்று அப்பாவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, இத்தன வருஷமா வீட்டுல நீ வாசிக்கிறது எனக்கு ஒண்ணும் வெளங்குனதே இல்ல. இன்னிக்கி வாசிச்சல்ல, அது ரொம்ப நல்லாருந்துச்சு. அதையே வாசியேன்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும், மூன்றாவது கம்பியைத் தேடித் தேடி அந்தப் பாழாய்ப்போன இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி, அந்தப் பாட்டை இன்னொரு தடவை முழுதாக வாசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். அப்பா மாட்டுக்கு வைக்கோல் போடுவதை நிறுத்திவிட்டு, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.